மூன்றாவது கீச்சு

கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகிறதா என்று அரசாங்கமே கருவி வைத்து அளந்து பார்த்த முதல் வீடு, ஊத்துவலசு தொகுதியில் கரட்டுத்தோட்டத்துக் கோழிப்பண்ணை வீடுதான். சோதிடர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை அது. ஆனால் அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே பார்த்துச் சொல்லிவிட்டு, விளைவுகளுக்குப் பொறுப்பேற்காமல் போய்விடுவார்கள். அரசாங்கம் முப்பத்தோராவது வருடத்தில் வந்தது. அதுவும் கோழிகளுக்குத் தீவனம் வைக்கிற நேரம் பார்த்து.

வந்தவள் பெனிட்டா. தனிச்செலவுக் கண்காணிப்பு வாரியத்தின் கள அலுவலர். தூத்துக்குடிப் பெண். கையில் இரண்டு பெட்டிகள். முகத்தில், சட்டம் என்று ஒன்று இருந்தால் அது நடக்கும் என்று நம்பும் இளம் அலுவலர்களின் களை.

வீட்டுக்காரர் சென்னியப்பன், மின்சாரத் துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சக ஊழியர்களின் பணி நிறைவு விழாக்களில் பேசிப் பேசி நாக்குக்கு உரம் ஏறி, 'சொல்மாரி' என்று தமக்குத் தாமே ஒரு பட்டம் வழங்கி, மறுக்க முடியாமல் அதை ஏற்றுக்கொண்டு, லெட்டர்பேடிலும் அச்சடித்துக்கொண்டவர். இப்போது சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சை வேட்பாளர். சின்னம் கொசுவலை.

"மாரின்னா பேஞ்சு நிக்கோணுமுங்க. இது பேஞ்சுக்கிட்டே கெடக்குது" என்பது அவர் மனைவி கோகிலவாணியின் கருத்து. இருபதாயிரம் முட்டைக்கோழிகளை வளர்ப்பவள். மாவட்ட முட்டைப் பண்ணையாளர் சங்கத்தின் தலைவி. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பள்ளிச் சத்துணவில் கோழி முட்டைக்குப் பதிலாக அச்சு முட்டை போடப்போகிறார்கள் என்று பேச்சு. பயறு மாவையும் எண்ணெயையும் குழைத்து, ஆலையில் ஓட்டோடு வார்த்தெடுக்கிற முட்டை. பார்த்தால் முட்டை மாதிரியே இருக்கும், தின்றால்தான் தெரியும். அது வந்தால் நானூறு பண்ணைகள் இழுத்து மூட வேண்டியதுதான். அதை எதிர்த்துப் பேசிய ஒரே வேட்பாளர் சென்னியப்பன். (அவர் எதிர்த்துப் பேசாத பொருள்கள் குறைவு என்பது வேறு விஷயம்.) அவரை ஆதரித்துச் சங்கமே தன் செலவில் பிரச்சாரம் செய்வது என்று தீர்மானம் வந்தது. ஆதரவு பதினான்கு பேர். எதிர்ப்பு ஒருவர், தலைவி. "முப்பத்தோரு வருசமா கேட்டுக்கிட்டிருக்கறவ நானு, உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவள் கேட்டது நடவடிக்கைக் குறிப்பில் இன்றும் இருக்கிறது.

பெனிட்டா பெட்டியைத் திறந்தாள். உள்ளே, எண் காட்டும் சின்னக் கண்ணாடி பதித்த சாம்பல் நிற ரப்பர் வளையல்.

"நீங்க உங்க பேர்ல செலவு பண்ண வரம்பு இருக்கு சார். ஆனா ஒரு சங்கம் உங்களைக் கேக்காம, உங்ககிட்டச் சொல்லாம, தானா செலவு பண்ணுச்சுன்னா அதுக்கு வரம்பே கிடையாது. ஒரே நிபந்தனைதான். உங்களுக்கும் அவங்களுக்கும் கலந்துபேச்சே இருக்கக் கூடாது."

"பேசாம இருந்துக்கறோம். அதுக்கு வளையல் எதுக்குக் கண்ணு?" என்றாள் கோகிலவாணி.

"போன தேர்தல்லயும் எல்லாரும் பேசாமத்தான் மேடம் இருந்தாங்க. முடிவெட்டுறவர்கிட்டச் சொல்லி அனுப்பினாங்க. அர்ச்சனைத் தட்டுல சீட்டு எழுதி வச்சாங்க. ஒருத்தர் ஆட்டுக் கழுத்துல கட்டி அனுப்பினாரு. அதனால வாரியம் என்ன முடிவு பண்ணுச்சுன்னா, பேச்சைப் பிடிக்குததை விட்டுட்டு இணக்கத்தையே பிடிச்சிரலாம்னு. இதுக்குப் பேரு இணக்கமானி. நீங்க பேசுதது எதையும் இது கேக்காது. நாடி, மூச்சு, தசை இறுக்கம், இதை மட்டும்தான் பார்க்கும். ரெண்டு பேரு மனசு ஒரு விஷயத்துல ஒண்ணாச் சேரும்போது இது மூணும் ஒரே தாளத்துக்கு வந்திரும். தாளம் நூத்துக்கு எண்பதைத் தாண்டுனா கீச்சுன்னு கத்தும்."

"கத்துனா?"

"மூணு தடவை கத்துனா வேட்புமனு ரத்து. முந்நூறு மீட்டருக்குள்ள இருந்தா மட்டும்தான் கணக்கு. அதைத் தாண்டுனா பதிவு பண்ணும், ஆனா கணக்குல சேராது. அதனால சார், உங்கள்ல ஒருத்தர் இருபத்தி ரெண்டு நாளைக்கு வேற வீட்டுல…"

"தலைவர் பதவியை இவ விட்டுட்டாப் போச்சு" என்றார் சென்னியப்பன்.

"தலைவருங்குத முறையில தீர்மானத்துல கையெழுத்துப் போட்டவங்க தேர்தல் முடியுத வரைக்கும் விலக முடியாது சார். புருஷன் பொண்டாட்டியா வருவாங்கன்னு சட்டம் எழுதுனவங்க யோசிக்கலை."

கோகிலவாணி சிரித்தாள். வளையலை வாங்கி, கோழிக்குக் காலில் வளையம் மாட்டுகிறவள் போலச் சட்டென்று மாட்டிக்கொண்டாள். "யாரும் எங்கயும் போக வேண்டாம் கண்ணு. முப்பத்தோரு வருசத்துல நானும் இவரும் ஒரே ஒரு விசயத்துல ஒத்துப் போனதில்லை. புடிச்ச கொழம்பு வேற, புடிச்ச சாமி வேற. உன்ற மெசினுக்கு இந்த ஊட்டுல வேலையே இருக்காது."

"இது ஒண்ணைத்தான் இவ சரியாச் சொல்லியிருக்கறா" என்றார் சென்னியப்பன், கம்பீரமாக.

*

முதல் கீச்சு மறுநாள் காலை ஆறு பத்துக்கு வந்தது.

இருவருக்கும் ஒரே வருடத்தில் தைராய்டு குறைந்து, ஒரே மருத்துவர் இருவருக்கும் ஐம்பது ஐம்பது மைக்ரோகிராமாக எழுதித் தந்திருந்தார். தனித்தனியாக எதற்கு என்று நூறு மைக்ரோகிராம் மாத்திரையாக வாங்கி, தினமும் காலையில் கோகிலவாணி கட்டைவிரல் நகத்தால் நடுவில் ஒடிப்பாள். பாதி அவளுக்கு, பாதி அவருக்கு. அவர் கட்டிலில் கண்ணை மூடியபடியே உட்கார்ந்து வலது கையை நீட்டுவார். கை நீள்வதும் அரை மாத்திரை வந்து விழுவதும் ஒரே கணம். ஒன்பது வருடப் பழக்கம். அதில் அன்பு இருப்பதாக இருவருமே சந்தேகப்பட்டதில்லை.

கை நீண்டது. மாத்திரை விழுந்தது. இரண்டு வளையல்களும் ஒரே குரலில் கீச்சிட்டன.

சென்னியப்பன் கண்ணைத் திறந்தார். இருவரும் ஏதோ தப்புக் காரியம் செய்யும்போது மாட்டிக்கொண்டவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எவ்வளவுன்னு பாருங்க."

"தொண்ணூத்தாறு."

"மெசினு கோளாறுங்க" என்றாள் கோகிலவாணி. ஆனால் அன்று தீவனம் வைக்கும்போது ஒரு கூண்டு வரிசையை விட்டுவிட்டுப் போனாள். அப்படி அவள் விட்டதே இல்லை.

இனிக் கவனமாக இருப்பது என்று தீர்மானித்தார்கள். இணக்கம்தானே ஆபத்து? சண்டை போட்டால் சரியாகிவிடும். மூன்றாம் நாள் மத்தியானம், முன்னேற்பாட்டோடு, அவர்களுடைய மிகச் சிறந்த சண்டையை எடுத்தார்கள். கோகிலவாணியின் தம்பி கல்யாணத்தில் சென்னியப்பன் ஆற்றிய வாழ்த்துரை பற்றியது அது.

"எங்க தம்பி கல்யாணத்துல மைக்கைப் புடிச்சவரு…"

"ஆரம்பிச்சுட்டியா! சங்க இலக்கியத்துல இல்லறம்னு ரெண்டே வார்த்தை சொன்னேன்."

"ரெண்டு வார்த்தையா? ஒண்ணேகால் மணி நேரமுங்க. பந்தியில உக்காந்தவங்க எல்லாரும் எலையைப் பார்த்துக்கிட்டு…"

"நான் முடிக்கறதுக்குள்ள நீ தொண்டையைச் செருமுனே!"

"செருமாட்டி இன்னிக்கு வரைக்கும் பேசிக்கிட்டு இருந்திருப்பீங்க! அன்னிக்கு என்ன ஆச்சு?"

இருவரும் மூச்சை இழுத்து ஒன்றாகச் சொன்னார்கள்: "ரசம் ஆறிப் போச்சு!"

கீச்.

முப்பது வருடமாகப் போட்ட சண்டை. எந்த இடத்தில் யார் குரல் உயரும், எங்கே யார் மூச்சு விடுவார் என்பதெல்லாம் நாயனமும் தவிலும் போலப் பழகிப்போயிருந்தது. இணக்கமானி தொண்ணூற்றெட்டு என்றது.

அன்று பொழுது சாய்வதற்குள் சென்னியப்பன் ஒரு பையில் நாலு வெள்ளைச் சட்டையை அடைத்துக்கொண்டு, பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஊத்துவலசு பஸ் ஸ்டாண்டு லாட்ஜுக்குப் போனார். வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோகிலவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கோழிக்கூண்டைப் பார்த்தாள். சொல்லியிருந்தால் மூன்றாவதும் வந்திருக்கும்.

*

அந்தத் தொண்டைச் செருமலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தம்பி கல்யாணத்துக்குப் பிறகு அது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. சென்னியப்பன் எங்கே பேசினாலும் கோகிலவாணி மூன்றாவது வரிசையில் உட்காருவாள். அவர் எல்லை தாண்டப்போகும் இடத்தில் லேசாகத் தொண்டையைச் செருமுவாள். அவ்வளவுதான், சொல்மாரி சட்டென்று "இத்துடன் என் உரையை…" என்று இறங்கிவிடுவார். அவர் நல்ல பேச்சாளர் என்று ஊரில் ஒரு பெயர் இருந்ததற்குக் காரணம் அந்தச் செருமல்தான். இது ஊருக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

இப்போது செருமல் இல்லை. முதல் தெருமுனைக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினார். அடுத்ததில் இரண்டேகால். கொசுவலையின் வரலாறு, கொசுவின் வரலாறு, தம் வரலாறு என்று வரிசையாக வந்தன. 'நான்' என்பது 'நாம்' ஆகி, நான்காம் நாளில் 'இந்தச் சென்னியப்பன்' ஆகியது. ஒரு மனிதன் தன்னைப் படர்க்கையில் பேச ஆரம்பித்துவிட்டால் அருகில் யாரும் இல்லை என்று அர்த்தம். நாற்காலி வாடகைக்காரர் மட்டும் கடைசிவரை இருந்தார். அவருக்கு நாற்காலி வேண்டும்.

கோகிலவாணி சங்க அலுவலகத்தில் இருந்து போனில் நேரலை பார்த்தாள். ஒவ்வொரு கூட்டத்திலும் சரியான இடத்தில் தொண்டையைச் செருமினாள்.

"ஏனுங்க்கா, அது போனுங்க்கா" என்றார் சங்கப் பொருளாளர் சின்னராசு, பக்குவமாக. "மாமனுக்குக் கேக்காதுங்."

"தெரியும்டா. தொண்டை கரகரங்குது."

பிரச்சாரத்தை அவள்தான் நடத்த வேண்டியிருந்தது. சின்னராசு எழுதிக் கொண்டுவந்த வாசகம்: 'கொங்கு மண்ணின் குன்றாத குரலே, வருங்காலமே, வாருமே!' அவள் அதை மடித்துத் தராசுக்கு அடியில் வைத்தாள். தராசு ஆடிக்கொண்டிருந்தது; நின்றது. பிறகு தானே எழுதினாள். மறுநாள் தொகுதி முழுக்க, பஸ்ஸின் முதுகில், சுவரில், போனில், மஞ்சள் நிறத்தில் வந்தது:

'இவர் நிறையப் பேசுவார். பொய் மட்டும் பேச வராது. வீட்டில் முயன்று பார்த்திருக்கிறார்.'

'மேடையில் உங்களைத் தூங்க வைப்பார். சட்டமன்றத்தில் யாரையும் தூங்க விடமாட்டார்.'

'கொசுவலை. ஓட்டைகள் உண்டு. எங்கெங்கே என்று எங்களுக்குத் தெரியும்.'

ஊர் சிரித்தது. ஒரு வேட்பாளரைப் பற்றி உண்மை சொல்லும் விளம்பரத்தை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. டீக்கடைகளில் மனப்பாடமாகச் சொன்னார்கள். பேச்சைக் கேட்டு ஓடியவர்கள், விளம்பரத்தைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள்.

சென்னியப்பன் அதை ஒரு டவுன்பஸ்ஸின் முதுகில் பார்த்தார். பிரச்சார ஜீப் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஏழு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. ஓட்டைகள் உண்டு. அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். முப்பத்தோரு வருடமும் அவள் தன்னைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று அவருக்குத் தோன்றியது. அது உண்மைதான். ஆனால் அவருக்குத் தோன்றிய விதம் வேறு.

வாராந்திரச் சோதனைக்கு வந்த பெனிட்டா மகிழ்ச்சியோடு சொன்னாள்: "மேடம், நேத்து சார் ஜீப்பு சங்க ஆபீஸ் வாசல் வழியாத்தான் போயிருக்கு. இருபது மீட்டர். ஆனாலும் எவ்வளவு தெரியுமா? ஒம்பது! இதுவரைக்கும் இந்த மாவட்டத்துலயே இவ்வளவு கம்மி யாருக்கும் வந்ததில்லை."

"ஒம்பதா?"

"நல்லதுதானே மேடம்?"

"நல்லதுதான் கண்ணு" என்றாள் கோகிலவாணி. சிறிது நேரம் ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்ற வளையலு எதிர்க்கட்சிக்காரருக்கு எவ்வளவு காட்டுது?"

எதிர் வேட்பாளர் மோகனசுந்தரம். அவரை ஆதரித்து மழையாய்ச் செலவழித்தது 'புதுயுகப் புரதப் பேரவை', அதாவது அச்சு முட்டைக்காரர்கள்.

"பூஜ்யம் மேடம். அவரும் பேரவைத் தலைவரும் ஒரு தடவைகூட முந்நூறு மீட்டருக்குள்ள வரலை. வாரியம் ரெண்டு பேருக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் குடுத்திருக்கு."

"அவிக பேச வேண்டியதை எல்லாம் வேட்புமனுவுக்கு முந்தின வாரமே பேசி முடிச்சுட்டாங்க. இனி எதுக்குக் கிட்ட வாறாங்க? நாங்கதான் ஏமாந்தவங்க. தெனமும் பேச வேண்டியிருக்குது."

பெனிட்டா புரட்டிப் பார்த்தாள். சட்டப் புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை.

*

கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு பிரச்சாரம் முடிகிறது. நாலரைக்கு பஸ் ஸ்டாண்டு திடலில் சென்னியப்பனின் இறுதிக் கூட்டம். விளம்பரத்தின் புண்ணியத்தில் நல்ல கூட்டம். எதிர்ச்சாரியில், நூற்றைம்பது மீட்டர் தள்ளி, சங்கத்தின் மஞ்சள் பந்தல். சட்டப்படி அனுமதி உண்டு. அதன் நிழலில் கோகிலவாணி நின்றாள். பக்கத்தில் சின்னராசு. கொஞ்சம் தள்ளி, கையில் பதிவுக் கருவியோடு பெனிட்டா.

"அக்கா, ஜெயிச்சுட்டமுங்க்கா. ஊரே சொல்லுது" என்றார் சின்னராசு. "மாமன் இன்னும் அரை மணி நேரம் வாயைச் சூதானமா வெச்சிருந்தாப் போதும்."

மாமனுக்கு அன்று கோபம். பஸ்ஸின் முதுகில் படித்ததை எல்லாம் யார் மேலாவது இறக்கியாக வேண்டும். மோகனசுந்தரம் மேல் இறக்கினார். அச்சு முட்டையில் தொடங்கினார். அது நன்றாக இருந்தது. பிறகு மோகனசுந்தரத்தின் மாளிகை. பிறகு கார். குரல் ஏறிக்கொண்டே போனது.

கோகிலவாணிக்கு அந்த மூச்சைத் தெரியும். ஒரு கூரான வாக்கியம் கண்ணில் பட்டுவிட்டால் அவர் இப்படித்தான் மூச்சை இழுப்பார். அது யாரைக் குத்தும் என்று பார்க்கமாட்டார்.

"தன் வீட்டையே…" என்றார் சென்னியப்பன், விரலை உயர்த்தி.

அவளுக்கு மீதி வாக்கியம் முழுதும் கேட்டுவிட்டது. தன் வீட்டையே கட்டிக் காக்கத் தெரியாதவர் தொகுதியைக் காப்பாரா? மோகனசுந்தரத்தின் மகள் நிவேதா, கல்யாணமாகி எட்டே மாதத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்தவள். திடலுக்கு எதிரே மாடியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்தாள். சென்னியப்பனின் இடது முழங்காலை நடக்க வைத்தவளே அவள்தான். இப்போது மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

ஒரே ஒரு செருமல் போதும். வாக்கியம் நின்றுவிடும். நூற்றைம்பது மீட்டருக்கு அது காதில் விழாமல் போனாலும், அவள் கைத் துண்டை ஆட்டினால் அவர் பார்த்துவிடுவார். ஆனால் மூன்றாவது கீச்சு. நானூறு பண்ணை. பக்கத்தில் சின்னராசு, பெண்ணின் படிப்புக்கு வாங்கிய கடனோடு.

கோகிலவாணி முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். தொண்டை வரை வந்ததை உள்ளேயே விழுங்கினாள். கண்ணில் நீர் முட்டியது.

மேடையில் சென்னியப்பனின் விரல் அப்படியே நின்றது.

எந்த ஓசையும் இல்லை. அவர் இந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. ஆனால் செருமல் வர வேண்டிய இடம் அது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் தெரிந்தது. முப்பது வருடத்தில் முதல்முறையாக அந்தச் செருமல் எதற்கு என்றும் தெரிந்தது. தற்செயலாகத் தலையை நிமிர்த்தினார். மாடியில் நிவேதா.

"தன் வீட்டையே…" என்று மறுபடி தொடங்கினார். குரல் இறங்கியிருந்தது. "என் வீட்டையே நான் பார்த்து இருபது நாளாச்சுங்க. மத்தவங்க வீட்டைப் பத்திப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. கொசுவலைக்கு ஓட்டுப் போடுங்க. ஓட்டை இருக்குது. நெசந்தான். வணக்கம்."

மொத்தம் பதினோரு நிமிடம். சொல்மாரியின் வாழ்நாளில் மிகக் குறுகிய உரை. பிறகு எழுந்த கைதட்டலில் காக்கைகள் பறந்தன.

கைதட்டலுக்கு நடுவே, மைக்குக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய மணிக்கட்டில் இருந்து, ஒலிபெருக்கிகள் நான்கின் வழியாகவும், ஊத்துவலசு முழுக்கக் கேட்டது:

கீச்.

பந்தலில் கோகிலவாணியின் வளையலும் பதில் சொன்னது. பெனிட்டா கருவியைப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். "நூறு" என்றாள். "நூறு வராதுன்னு பயிற்சியில சொன்னாங்களே!"

*

விசாரணை மறுநாள் பதினோரு மணிக்கு, தாலுகா அலுவலகத்தின் ஒரு அறையில். வாரியத்துக்குச் சங்கடம். அவர் பேசவில்லை, அவள் பேசவில்லை, பார்வைகூடப் பரிமாறிக்கொள்ளவில்லை. என்ன குற்றம் என்று எழுதுவது? மேலிடம் யோசித்து ஒரு படிவம் அனுப்பியிருந்தது. 'எனக்கும் மேற்படி நபருக்கும் இடையே எவ்வித மன ஒற்றுமையும் இல்லை என்றும், கருவியின் அளவீடு பிழையானது என்றும் உறுதி கூறுகிறேன்.' இருவரும் கையெழுத்திட்டால் வேட்புமனு பிழைக்கும்.

பின்னால் சின்னராசும் சங்கத்து ஆட்கள் பத்துப் பேரும் சாமி கும்பிடுவது போல நின்றிருந்தார்கள்.

கோகிலவாணி பேனாவை வாங்கினாள். பின்னால் ஒருமுறை பார்த்தாள். படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

சென்னியப்பன் முகத்தில் எதுவோ அணைந்தது. அவரும் பேனாவைக் கையில் எடுத்தார்.

"சார்," என்றாள் பெனிட்டா. "இதைச் சொல்லணும்னு விதி இல்லை. சொல்லக் கூடாதுன்னும் இல்லை. முந்நூறு மீட்டருக்கு வெளியேயும் பதிவு இருக்கும்னேன்லா?" கருவியைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கோடுகள், இருபது நாளும் ஒன்றையொன்று திரும்பிப் பாராமல் ஓடின. ஆனால் தினமும் ஓர் இடத்தில் மட்டும் இரண்டும் நெருங்கிவந்து ஒரே கோடாகிப் பிரிந்தன. "காலையில ஆறு பத்து. நீங்க லாட்ஜ்ல, மேடம் வீட்டுல. பதினோரு கிலோமீட்டர். தினமும் தொண்ணூத்தாறு. அந்நேரம் அப்படி என்ன சார் பண்ணுவீங்க?"

சென்னியப்பன் தமது வலது கையைப் பார்த்தார். லாட்ஜில் இருபது நாளும் கண்ணை மூடிக்கொண்டு அதை நீட்டியிருந்தார். நீட்டிய பிறகுதான் ஒவ்வொரு நாளும் நினைவு வந்தது.

கோகிலவாணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"சின்னராசு," என்றார் சென்னியப்பன்.

"சொல்லுங் மாமா."

"எனக்குப் பொய் பேச வராதுன்னு சங்கம் தொகுதி பூராவும் போஸ்டர் ஒட்டியிருக்குது. இப்ப நான் இதுல கையெழுத்துப் போட்டேன்னா, சங்கம் பொய் சொன்னதா ஆயிருமில்ல?"

"மாமா, நானூறு பண்ணைங்க…"

"தெரியும்டா. அதுக்கு வாழ்நாள் பூராவும் உங்க காலுல விழறேன். ஆனா முப்பத்தோரு வருசமா இவ ஒத்துக்காத ஒண்ணை ஒரு மெசினு ஒத்துக்கிட்டு இருக்குது. உலகத்துல எத்தனையோ வேட்பாளர்கள் உண்டு. ஆனால், உண்மை என்பது யாதெனில், அன்று தொட்டு இன்று வரை…"

கோகிலவாணி தொண்டையைச் செருமினாள்.

சென்னியப்பன் நிறுத்தினார். பேனாவை மூடி வைத்தார்.

அவள் தன் படிவத்தைத் திரும்ப இழுத்தாள். தன் கையெழுத்துக்குக் கீழே 'மேற்கண்டது பொய்' என்று எழுதி, இன்னொரு கையெழுத்துப் போட்டாள்.

*

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோகனசுந்தரம் ஜெயித்தார். வேட்புமனு ரத்தான பிறகும் இயந்திரத்தில் இருந்த கொசுவலைக்கு விழுந்த ஓட்டுகள் எண்ணப்படவில்லை. எவ்வளவு என்று பெனிட்டாவுக்கு மட்டும் தெரியும், சொல்லமாட்டாள். முடிவு அறிவித்த அன்று, வளையல்களைக் கழற்றிய ஒரு மணி நேரத்தில், மோகனசுந்தரமும் பேரவைத் தலைவரும் ஒரு மலைவாச விடுதியில் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதில் சட்ட விரோதம் ஏதும் இல்லை. வாக்குப்பதிவுக்குப் பிறகு இணக்கம் என்பது ஜனநாயகம்.

ஆனால் அடுத்த வாரம் மோகனசுந்தரம் சங்க அலுவலகத்துக்கும் ஒரு நடை வந்து சின்னராசுவிடம் ரகசியமாகக் கேட்டார்: "அடுத்த தேர்தலுக்கும் அந்தம்மாதான் விளம்பரம் எழுதுமா?" ஆமாங்க என்றார் சின்னராசு. சத்துணவில் வாரம் இரண்டு நாள் அச்சு முட்டை, மூன்று நாள் கோழி முட்டை என்று ஆணை வந்தது. நானூறில் எழுபது பண்ணைகள் மூடின. கோகிலவாணி அந்த எழுபது வீட்டுக்கும் நேரில் போய்வந்தாள். சென்னியப்பன் கூடவே போனார். ஒரு வீட்டிலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதெல்லாம் பிற்பாடு. விசாரணைக்கு மறுநாள் காலை ஆறு பத்துக்கு, கரட்டுத்தோட்டத்தில், சென்னியப்பன் தம் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை நீட்டினார்.

ஒன்றும் விழவில்லை.

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். கோகிலவாணி எதிரே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். அவள் மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் வெளுத்திருந்தது.

"எந்திரிச்சு எடுத்துக்குங்க" என்றாள். "டப்பாவுல இருபது அரை மாத்திரை கெடக்குது. அதைத் தீர்த்துட்டுத்தான் புதுசு ஒடைப்பேன்."